மூன்றாவது கட்டம்

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் மூன்று கட்டம் போட்ட படிவத்தை நீட்டுகிறார்கள். பெயர், தகப்பன் பெயர், அப்புறம் 'ஆட்நாவ்'. அந்த மூன்றாவது கட்டத்தில்தான் மும்பைத் தமிழர்களாகிய நாம் திண்டாடுகிறோம். ஒருவர் பாட்டன் பெயரை எழுதுகிறார். ஒருவர் ஊர்ப்பெயரை எழுதுகிறார். “சாதிப்பெயர் இருக்குமே, அதைப் போடுங்களேன்” என்று குமாஸ்தா வழி சொல்லுகிறார்!

குடும்பப் பெயரைச் சட்டம் போட்டே சுமத்திய நாடுகள் உண்டு. துருக்கி 1934 ஜூனில் அத்தகைய சட்டம் செய்தது. இரண்டாண்டுக்குள் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெயரைப் பதிய வேண்டும். தேர்ந்தெடுக்கும் உரிமை குடும்பத் தலைவனாகிய ஆணுக்கு. தவறினால் அதிகாரியே ஒன்றைச் சூட்டுவார். அவ்வாண்டு நவம்பரில் 'பே', 'பாஷா' முதலிய பட்டங்களும் ஒழிக்கப்பட்டன. நம் பெரியவர்கள் கமால் பாட்சா என்றே அறிந்திருந்த தலைவர் 'அத்தாதுர்க்' ஆனார். பட்டம் ஒழிந்ததை நாம் வரவேற்கிறோம். ஆனால், அந்தச் சட்டம் குலக்குழுப் பெயர்களையும் அந்நிய இனப் பெயர்களையும் தடுத்தது. ஆர்மேனியரின் 'யான்' என்ற விகுதிகூட விதிகளில் விலக்கப்பட்டது. குர்துகள் துருக்கிப் பெயரைச் சுமக்க நேர்ந்தது. உயர்ந்தவனின் பட்டத்தைப் பறித்த கை, சிறுபான்மையோரின் அடையாளத்தையும் சேர்த்தே பறித்தது.

இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லை. நம் கதையோ தலைகீழ். 1929 செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் வேண்டாமென்று தீர்மானித்த வழியில் வந்தவர்கள் நாம். தகப்பன் பெயரின் முதலெழுத்து நமக்குப் போதும். அங்கே சட்டம் பட்டத்தை ஒழித்தது. இங்கே ஒரு வெற்றுக் கட்டம், நாம் உதறியதை மறுபடியும் ஒட்டவைக்கப் பார்க்கிறது.

சாதியை எழுத மறுத்தாலும் தொல்லை தீர்வதில்லை. தகப்பனுக்கு ஆட்நாவ் பாட்டன் பெயர். மகனுக்குத் தகப்பன் பெயர். “இருவரும் ஒரே குடும்பமா?” என்று கேட்கிறார்கள். சான்றிதழ் ஒன்றும் ரேஷன் கார்டு ஒன்றுமாக இருந்தால் வேலைக்கு அலைகிற பையன்தான் அவதிப்படுகிறான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்றது. அங்கும்கூட, இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் போதுமென்று பிறகு தெளிவாக்கினார்கள்.

அங்கே போதுமானது இங்கே ஏன் போதாது? மூன்றாவது கட்டத்தைக் கட்டாயமாக்கக் கூடாது. தகப்பன் பெயரையோ, தனியாய் வளர்க்கும் தாயின் பெயரையோ ஏற்க வேண்டும். இதைக் கல்வித் துறைக்கு மனுவாகக் கொடுப்போம். அதுவரை, இனிஷியலை விரித்து, எல்லாத் தாளிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். சாதியை மட்டும் எழுதாதீர்கள்.