மழலையர் ஆசிரியைக்கு மூன்று நாள் போதுமா?

மூன்று அகவைக் குழந்தையொன்று 'வாயப்பயம்' என்கின்றது. எதிரே நிற்கும் ஆசிரியை என்செய்தல் வேண்டும்? அதட்டித் திருத்துவதா? தானும் 'வாயப்பயம்' என்று கொஞ்சுவதா? 'வாழைப்பழம் வேண்டுமா, கண்ணே?' என ழகரம் தெளிவுற ஒலிக்கக் கேட்டுப் பழத்தைக் கையிற் கொடுப்பதா? மூன்றாவதே முறை. ழகரத்திற்கு நா வளைதல் குழந்தைக்குக் காலந்தாழ்ந்தே கைவரும். அதுவரை அதட்டல் ஆகாது. அதன் செவியில் விழும் ஒலியோ பிழைபடலாகாது. இஃது அன்பினால் மட்டும் வருவதன்று, பயிற்சியால் வருவது. இத்தகைய நூறு நுட்பங்கள் மழலையர் கல்விக்குள் அடங்கியுள்ளன. அவற்றைப் பயிற்றத் தமிழ்நாட்டில் எத்தனை நாள் ஒதுக்கப்படுகின்றது என்று எண்ணிப் பார்க்கும் தமிழர்க்கு நெஞ்சு கொதியாதிருக்குமா?

1975-ஆம் ஆண்டு அகுத்தோபர் 2-இல் நடுவணரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் உள்ளன. தொடக்கத்தில் திங்கட் கணக்கில் நடந்த பணிப்பயிற்சி பின்னர் 26 நாளாகச் சுருங்கிற்று. அந்த 26 நாளுக்குள்ளும் எடை பார்த்தல், ஊட்டமாவு வழங்கல், தடுப்பூசிக் கணக்கு, பதிவேடு எழுதல் எல்லாம் அடங்க வேண்டும்! எஞ்சிய பொழுதே பிள்ளைக் கல்விக்கு. 2023-இல் தில்லி அறிவித்த புதிய பயிற்சிக்கோ மூன்றே நாள். அதன் பெயர் 'போசன் பீ, படாயி பீ'. ஊட்டமும் வேண்டும், படிப்பும் வேண்டும் என்பதாம். இதனைத் தமிழிற் சொன்னால் நா சுட்டுவிடுமா? அடுத்த ஆண்டு வந்த பாடத்திட்டங்களின் பெயர்களோ 'நவசேத்தனா', 'ஆதார்சிலா'. தமிழக அரசின் பாடநூல் மட்டும் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று வாயினிக்கும் பெயர் பூண்டுள்ளது. பாராட்டத்தக்கதே. ஆயின் நூலுக்குத் தமிழ்ப்பெயர் இருந்து, அதனைக் கையாளக் கற்பிக்க நாள் இல்லையெனின் என்ன பயன்?

'அங்கன்வாடி' என்னும் பெயரையே எடுத்துக்கொள்க. ஆங்கன் என்பது முற்றம். 'பால்வாடி'யிலுள்ள பால் என்பது குழந்தை. ஆவின்பால் என்றெண்ணும் தமிழன்னையர் இன்றும் பலர்! இப்பெயர்களுக்குப் பின்னால் தாராபாய் மோடக்கு என்னும் அம்மையார் உள்ளார். 1945-இல் மராத்தியக் கடற்கரையூராகிய போர்தியில் பணிதொடங்கிய அவர், பிள்ளைகள் பள்ளிக்கு வாராமை கண்டு பள்ளியையே பழங்குடியினர் முற்றத்திற்குக் கொண்டு சென்றார். அவர்க்கு முன்னோடி கிசுபாய் பத்தேகா. 1920-இல் பாவநகரில் குழந்தைப்பள்ளி நிறுவியவர், குசராத்தி மொழியிலேயே எழுதினார். ஆசிரியர்க்குப் பயிற்சியும் அளித்தார். அவர்கள் தம் மண்ணில் நின்று தம் மொழியிற் செய்தனர். தமிழர் அவர்களிடம் கற்கவேண்டியது அச்செயலை. கடன் வாங்கியதோ பெயரை!

மாண்டிசோரி அம்மையார் கதை இதனினும் வியப்புடையது. 1939-இல் சென்னை அடையாற்றிற்கு வந்து, ஆசிரியர்க்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார் அவர். எம்மொழியில்? தம் தாய்மொழியாகிய இத்தாலியத்தில்! மகனார் மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். அயல்நாட்டு மண்ணில் நின்றும் தாய்மொழியை விடாத அவ்வம்மையார் பெயரைப் பலகையிற் பொறித்துக்கொண்டு, மூன்று அகவைக் குழந்தையின் வாயில் ஆங்கிலப் பாட்டைத் திணிக்கும் கடைகள் இன்று தெருவுக்குத் தெரு. அவற்றில் பணிபுரியும் இளம்பெண்கள் பலர்க்கு எப்பயிற்சியும் இல்லை. ஆங்கிலம் நாலு சொல் தெரிந்தாற் போதுமாம்.

அரசு செய்தது என்ன? 2019-இல் 2,381 மையங்களில் 'எல்.கே.ஜி., யு.கே.ஜி.' என்னும் ஆங்கிலப் பெயரோடேயே வகுப்புகள் தொடங்கிற்று. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை கற்பிக்கப் பயின்ற இடைநிலை ஆசிரியர்களை அவற்றிற்கு மாற்றிற்று. 2022-இல் அவர்களைத் திரும்ப அழைத்தது, வகுப்புகள் நில்லாவென்றது, எதிர்ப்பெழவே நிற்கும் என்றது, பின் திங்களுக்கு 5,000 உருவாவில் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்திற்று. மையப் பணியாளர்க்கும் நடுவணரசு வழங்குவது ஊதியமன்று, மதிப்பூதியமே. அவர்களும் பணிக்கொடைக்கு உரியரே என்று உச்ச வழக்குமன்றம் சொல்ல 2022 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பயிற்சியில் என்ன கற்பிப்பது என்பாரும் உளர். பிள்ளைத்தமிழைப் புரட்டுக. ஐந்தாந் திங்களில் தலைநிமிர்த்தாடும் செங்கீரை, ஒன்பதில் கைகொட்டும் சப்பாணி, பின்னர்த் தளர்நடையிடும் வருகை எனக் குழந்தையின் வளர்நிலைகளைத் திங்கள்வாரியாக வகுத்தது தமிழ். அது மருத்துவ அறிவிற்கு மாற்றன்று. எனினும் குழந்தையை உற்றுநோக்கும் கண்ணைத் தரவல்லது. 'ட, ப, ம' போலும் எளிய வடிவெழுத்துகளில் தொடங்குவதா, நெடுங்கணக்கு முறையே செல்வதா? வீட்டில் 'வந்துச்சு' என்னும் பிள்ளையை இழித்துரையாது 'வந்தது' என்னும் திருந்திய வழக்கிற்கு எங்ஙனம் அழைத்துவருவது? (பேச்சு வழக்கைப் பழிப்பதே தமிழ்ப்பற்று என்றெண்ணுவோர் இதனை ஊன்றி நோக்குக.) இவற்றிற்கு விடை தில்லியில் எழுதி மொழிபெயர்த்து அனுப்பும் ஏடுகளில் இராது.

ஆகலின், பணியேற்கும் ஒவ்வொரு மழலையாசிரியைக்கும் முழு ஓராண்டுப் பயிற்சி, தமிழிலேயே ஆக்கப்பட்ட பாடத்தோடு, முறையான ஊதியத்தோடு வழங்கப்படல் வேண்டும். அதிற் பாதிப்பொழுது வகுப்பறையில் அன்று, குழந்தைகளிடையே கழிதல் வேண்டும். பதிவேட்டையும் கைப்பேசிக் கணக்கையும் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.