சாரலுக்கு முன் ஒரு பாடம்

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓட, 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அருவிக்கரையில் வெயில் அடித்தாலும் மலைமேல் கொட்டும் மழை சற்று நேரத்தில் கீழே வந்துவிடும். தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் கூடும். இந்த அறிகுறிகளைத் தென்காசியின் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர ஒரு வகுப்பு நேரம் போதும்.

பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு தட்டில் மண்ணைக் குவித்து, பாதியில் புல்கரணை பதித்து, செம்பால் தண்ணீர் ஊற்றினால், வெறும் மண் கரைந்தோடுவதைப் பிள்ளைகளே பார்ப்பார்கள். சிற்றாறு குற்றால மலையில் பிறந்து சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்வதையும் அப்படியே வரைந்து காட்டலாம்.

2004 சுனாமியின்போது தாய்லாந்தின் ஃபூக்கெட் கடற்கரையில் பலரைக் காப்பாற்றியவள், புவியியல் வகுப்பில் கேட்டதை மறக்காத 10 வயது பிரிட்டிஷ் சிறுமி டில்லி ஸ்மித். இங்கோ, குளிக்கத் தடை என்றதும் காவலரிடம் மல்லுக்கு நிற்பவர்கள் பெரியவர்கள்தாம்!

சாரல் காலமும் பள்ளி திறப்பும் ஜூன் மாதத்தில்தான். முதல் வாரத்திலேயே இந்தப் பாடத்தை நடத்தக் கல்வித் துறை உத்தரவிட வேண்டும்.