திரையிலே பாடம், தரையிலே மக்கள்!

அரசு ஊழியர்க்கு இனி வகுப்பறை தேவையில்லை, கைபேசியே கல்லூரி என்கிறார்கள், தோழர்களே! திரையிலே பாடம் வரட்டும், வரவேற்போம். அந்தப் பாடத்தின் பயன், மனுவும் கையுமாய் வாசலிலே நிற்கும் மூதாட்டிக்கு எட்டுகிறதா? கேட்க வேண்டிய கேள்வி அது!

2020 செப்டம்பர் 2ஆம் நாள், 'கர்மயோகி இயக்க'த்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஏறத்தாழ 46 இலட்சம் ஊழியர். ஐந்தாண்டுக்கு 510 கோடியே 86 இலட்சம் ரூபாய். தலைக்குக் கணக்கிட்டால் சுமார் 1,100 ரூபாய்! அதே ஆண்டு அக்டோபரில், ஆசிரியர்க்கான 'நிஷ்டா' பயிற்சியும் 'தீக்ஷா' இணையதளத்தில் ஏறிற்று. பயணம் குறைந்தது, செலவு மிச்சம், மறுப்பார் யார்? எனினும், ஒருபுறம் படம் ஓட, மறுபுறம் ஊழியர் கோப்பிலே மூழ்கிக்கிடக்க, முடிவிலே சான்றிதழ் மட்டும் பிறக்குமானால், அதற்குப் பெயர் பயிற்சியா?

பயிற்சி எதுவெனக் காண, காஞ்சியின் ஓரிக்கைக்கு வாருங்கள். கோர்வைப் பட்டிலே உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், ஓடும் நாடாக்கள் மூன்று. தறியிலே நெசவாளர், பக்கத்திலே, கரைநாடாவை வீசித்தரும் துணையாள். வேலையே அவனுக்குப் பாடம். வேலைநேரமே படிப்புநேரம். இழை தவறினால் அக்கணமே திருத்தும் கை அருகிலே! நாளை அவனே தறியிலே அமர்கிறான்.

இந்த மூன்றும் இணையவழிப் பயிற்சிக்கும் வேண்டும். பட்டா மாறுதல் பார்ப்பவருக்குப் பட்டா மாறுதலே பாடமாகட்டும். கற்றதை மறுநாளே கையாளட்டும். அலுவல் நேரத்திலேயே அதற்கென மணி ஒதுக்குங்கள். அடுப்பங்கரைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே அல்லலுறும் பெண் ஊழியரின் இரவுத் தூக்கத்தைப் பறிக்காதீர்கள்! ஐயம் எழுந்தால் விடைதர, அனுபவமுள்ள அலுவலர் ஒருவர் இருக்கட்டும். மேலதிகாரியும் அதே பாடத்தைப் படிக்கட்டும்; புதுமுறை கற்றுவந்தவரைப் பழைய முறைக்கே அவர் விரட்டினால், படித்தது பாழ்!

மொழி? 1956இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கச் சட்டம் கண்ட மாநிலம் இது. தமிழிலே மனு வாங்குவோர்க்குப் பாடமும் தமிழிலே வேண்டும். அகராதியைப் புரட்டி எழுதிய தமிழில் அல்ல, அலுவலகத்தில் புழங்கும் தமிழில்!

தோழர்களே! பயிற்சி முடித்தோர் பட்டியலை நீட்டுவார்கள். வாங்கிப் பாருங்கள், பாராட்டுங்கள். பாராட்டிவிட்டுக் கேளுங்கள்: பயிற்சிக்கு முன் அந்த மூதாட்டியின் மனு எத்தனை நாள் கிடந்தது? இன்று எத்தனை நாளில் முடிகிறது? அந்த விடையிலே இருக்கிறது, உண்மையான தேர்ச்சி!