ஓய்வு நாள்: தூண்டிற் போட்டிக்குப் புறப்படுமுன்

சங்கத்து அன்பர் இருவர் சென்ற திங்கள் ஒரே வினாவை என்னிடம் கேட்டனர். “வங்காளத்தில் விடுமுறை நாட்களில் குளத்தங்கரைதோறும் தூண்டிற் போட்டி நடைபெறுகிறதே, பொழுதுபோக்காக மீன் பிடிக்கும் நம்போன்றவர் அதிற் சேரலாமா? சேர்ந்தால் பரிசு கிடைக்குமா?” என்பது அவ்வினா. சேரலாம் என்பது முதற் கேள்விக்கு விடை. இரண்டாவதற்கு விடை காணப் போட்டியின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும்.

நம் ஊர்ப்பக்கத்தில் தூண்டில் போடுவதைச் சிறுவர் விளையாட்டாகக் கருதுவோர் பலர். வங்காளத்திலோ அது பெரியோர் போற்றும் கலை. தூண்டிற்கோலை ‘சிப்’ என்பர். தக்கையை ‘பாத்னா’ என்பர். மீனை ஓரிடத்தில் கூட்டுவதற்காக நீரில் இடும் தீனியை ‘சார்’ என்பர். கரையில் அமரும் மேடையை ‘மாச்சா’ என்பர். இந்நான்கு சொற்களும் தெரிந்தால் எக்குளத்தங்கரையிலும் பேச்சைத் தொடங்கிவிடலாம்.

குளத்துக்கு உரியவரோ, அதனைக் குத்தகைக்கு எடுத்தவரோ, கழகத்தாரோ கரையிலுள்ள இடங்களுக்கு எண்ணிட்டுச் சீட்டு விற்பர். எந்த இடம் எவருக்கு என்பதைப் பெரும்பாலும் குலுக்கலே முடிவு செய்யும். காலையில் குறித்த நேரத்தில் தொடங்கி மாலையில் குறித்த நேரத்தில் முடித்தல் வேண்டும். தனியொரு மீனின் எடையில் முந்தியவருக்கு முதற் பரிசு அளிப்பது ஒரு முறை. பிடித்த மீன்களின் மொத்த எடையைக் கணக்கிடுவது மற்றொரு முறை. ஒருவருக்கு எத்தனை கோல், எத்தனை முள், எவ்வகை இரை என்பவையெல்லாம் குளத்துக்குக் குளம் வேறுபடும். ஆகவே பணத்தைக் கொடுக்குமுன் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்க.

இதிலிருந்து ஒன்று விளங்கும். மீன் கூட்டம் கீழ்க்கரையில் மேயும் நாளில் மேற்கரைச் சீட்டு வாய்த்தவர் எவ்வளவு வல்லவராயினும் செய்வதற்கு அதிகமில்லை. திறமைக்கு இடமுண்டு, ஆனால் குலுக்கலுக்கும் பெரும் பங்குண்டு. எனவே சீட்டுக்குக் கொடுக்கும் தொகையைத் திரும்பி வாராப் பணமென்றே வீட்டுக் கணக்கில் எழுதிவிட வேண்டும்.

இதனை வற்புறுத்திக் கூறக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் முதற் போட்டியிலேயே மூன்றாம் பரிசு பெற்றார். அதன்பின் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டுக்கு உரியனவாக இல்லை. ஒரு சீட்டில் இழந்ததை அடுத்த சீட்டில் எடுக்கலாம் என எண்ணிக் கடன் வாங்கியும் சென்றார். “பரிசு வாராவிடினும் மீனாகவாவது எடுத்துவிடுவேன்” என்பார். அவருடைய மனைவியார் ஒரு கடுஞ்சொல்லும் கூறவில்லை; ஒருநாள் இரவு மளிகைக் கடைக் கணக்குப் புத்தகத்தை எடுத்து அவர் முன் வைத்தார்; அவ்வளவே. இன்று அந்த நண்பர் மூன்று திங்களுக்கு ஒருமுறை, மற்றொருவருடன் சீட்டுச் செலவைப் பகிர்ந்துகொண்டு செல்கிறார். முன்னினும் மகிழ்ச்சியோடு திரும்புகிறார்.

குலுக்கல் நம் கையில் இல்லை. ஆயத்தம் நம் கையில் உள்ளது. வங்கக் குளங்களில் போட்டிக்குரிய மீன்கள் முக்கியமாகக் கட்லா, ரோகு, மிருகால் என்னும் மூன்றுமாம். கட்லாவின் வாய் மேல்நோக்கியது. அது மேல்நீரில் மேயும். ரோகு நடுநீரில் மேயும். மிருகால் அடிச்சேற்றில் இரை தேடும். எதனை நாடுகிறோமோ அதற்கேற்பத் தக்கைக்கும் முள்ளுக்கும் இடையிலான ஆழத்தை அமைக்க வேண்டும். தீனிக்குக் கடுகுப் பிண்ணாக்கு, தவிடு, வறுத்த வெந்தயம், கச்சோலம் ஆகியவற்றைக் கலப்பது இங்குள்ளோர் வழக்கம். முள்ளில் கோக்கும் இரைக்கு மாவுருண்டையும், முசுற்றெறும்பின் முட்டையும் பெயர் பெற்றவை. தீனியை அள்ளிக் கொட்டாதீர். வயிறு நிறைந்த மீன் முள்ளை நாடாது.

குளத்து மீன்களைப்பற்றி மற்றொரு செய்தியும் அறியத்தக்கது. இம்மூன்றும் இயல்பில் ஆற்று மீன்கள். தேங்கிய குளத்து நீரில் தாமாக முட்டையிடுவதில்லை. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவில் ஹீராலால் சௌதுரி, அலிக்குஞ்ஞி ஆகிய அறிஞர்கள் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியாகச் செலுத்தி இவற்றை முட்டையிடச் செய்து காட்டினர். அந்நாளே இன்று தேசிய மீன் உழவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆகவே நாம் தூண்டிலிடும் குளத்து மீன் எவரோ வாங்கி விட்டு வளர்த்தது. எப்போது விட்டனர் என்று கேளுங்கள். அண்மையில் வண்டியில் ஏற்றி வந்து விட்ட மீன் எளிதில் இரை எடுக்காது. காற்றின்றிப் புழுங்கும் நாளில் விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறுமாயின், நீரில் பிராணவாயு குறைந்துள்ளது என்று பொருள். அப்போதும் இரையைத் தொடா.

பெரிய மீன் மாட்டியதும் வலித்து இழுப்பவரின் நரம்பு அறும். நரம்பு அறுவதற்கு முன்னரே சக்கரம் இளகிக் கொடுக்குமாறு அதனை முறுக்கி வைத்தல் வேண்டும். மீன் ஓடும்போது ஓட விடுக, ஓய்ந்தபோது சுற்றுக, கோலின் நுனி தாழாதிருக்கட்டும்.

“உண்ணவும் மாட்டீர், பின் உயிரை ஏன் வருத்துகிறீர்?” என்று புலால் உண்ணாத வீட்டார் கேட்கக்கூடும். நேர்மையான கேள்விதான். மனம் ஒப்பாதவர் கோலை எடுக்க வேண்டா. எடுப்பவர் சில கடமைகளை ஏற்க வேண்டும். விதிப்படி மீனைத் திரும்ப விடுவதாயின், கையை நனைத்துக்கொண்டே தொடுக, செவுளில் விரலிடாதீர், முள்ளில் தொங்கவிட்டு எடை பாராது, ஈரத் துணிப்பையில் வைத்து எடை காண்க, நீரில் தாங்கிப் பிடித்து, அது தானே நீந்திச் செல்லும் வரை பொறுத்திருக்க. நம் காவிரிக்கே உரிய கூனல் முதுகு மஷீர் 2018-ஆம் ஆண்டில் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டதை எண்ணுவோர்க்கு இக்கடமை மிகையாகத் தோன்றாது.

இனி, பரிசு கிடைக்குமா என்ற வினாவுக்கு வருவோம். கிடைக்கலாம், அதனை நம்பிச் செல்லுதல் ஆகாது. ஆனால் நம்பத்தக்க ஊதியம் வேறொன்று உண்டு. பிழைப்பை நாடி வந்த நமக்கு அலுவலகத்திலும் கடையிலும் அமையும் பழக்கம் வேலையளவில் நின்றுவிடுகிறது. குளத்தங்கரையில் அடுத்த மாச்சாவில் இருப்பவர் நம் பதவியைக் கேட்பதில்லை, “என்ன இரை?” என்றே கேட்கிறார். அரைகுறை வங்காளியில் நாம் விடை சொல்ல, அவர் தம் டப்பாவிலிருந்து சிறிது எடுத்து நீட்டுகிறார். பல ஆண்டுகள் ஒரே தெருவில் வாழ்ந்தும் வாராத நட்பு இவ்வாறு ஒரு பகலில் வருவதுண்டு.

ஆகவே அன்பர்கட்கு என் யோசனை இது. முதல் முறை சீட்டு வாங்காமலே சென்று ஒரு பகல் முழுதும் கரையிலிருந்து பாருங்கள். பிறகு, ஆண்டுக்கு எத்தனை சீட்டு, எவ்வளவு தொகை என்பதை வீட்டாரோடு அமர்ந்து முடிவு செய்து எழுதி வையுங்கள். அந்த எண்ணைத் தாண்டாதவரைக்கும் தூண்டில் உங்கள் கையில் இருக்கும். தாண்டினால் முள் உங்கள் வாயில்.