மொட்டை மாடியில் 20 மீட்டர் வயர் போதும்... ஹாம் ரேடியோவுக்கு எது தடை?

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலையில் எல்லோரும் முதலில் பார்ப்பது செல்போன் சிக்னலைத்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. கரன்ட் போனது, டவர்களும் அடங்கின. வெளியூரில் வேலை பார்த்த டெல்டா பிள்ளைகள் பலருக்கு, ஊரில் அப்பா அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கக்கூட வழியில்லை.

இப்படி ஒவ்வொரு பேரிடர் முடிந்ததும் 'ஹாம் ரேடியோ' என்ற பெயர் செய்திகளில் எட்டிப் பார்க்கும். நாலு நாளில் மறந்தும் போகும். 'அதெல்லாம் காசு இருக்கிறவங்க பொழுதுபோக்கு, பெரிய டவர் வேணும்' என்ற எண்ணம் மட்டும் மாறாமல் இருக்கிறது. இந்த எண்ணம் பாதிதான் சரி. ரேடியோ செட்டின் விலை அதிகம்தான். ஆனால், ஆன்டெனாவுக்கு டவர் தேவையில்லை. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் செம்புக் கம்பியில் 20 மீட்டர் இருந்தால் வேலை நடக்கும்.

ஒரே வயர், நாலு பேண்ட்: எப்படி?

வீணைத் தந்தியை மீட்டினால் ஒரே தந்தியில் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளும் சேர்ந்து எழும். வயர் ஆன்டெனாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்ட 7 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் பாதி அலைநீளம் சுமார் 20 மீட்டர். அந்த நீளத்தில் ஒரு வயரைக் கட்டினால் 7 மெகாஹெர்ட்ஸில் ஓர் அரை அலை உட்காரும். 14-ல் இரண்டு, 21-ல் மூன்று, 28-ல் நான்கு. அதிர்ஷ்டவசமாக இந்த நான்கு இடங்களிலும் ஹாம் பேண்டுகள் இருக்கின்றன.

ஒரு சிக்கல் உண்டு. வயரின் முனையில் மின்மறுப்பு சில ஆயிரம் ஓம் இருக்கும், ரேடியோ எதிர்பார்ப்பதோ 50 ஓம். இரண்டையும் இணைக்க ஒரு ஃபெரைட் வளையத்தில் ஒரு பக்கம் 2 சுற்று, மறு பக்கம் 14 சுற்று சுற்றிய சின்ன டிரான்ஸ்ஃபார்மர் போதும். 14-க்கு 2 என்றால் 7 மடங்கு, 7-ன் வர்க்கம் 49. அதனால்தான் இதை '49-க்கு 1' என்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இதை வைத்து ஒரு முனையில் வயரையும், மறு முனையில் கேபிளையும் மாட்டினால் ஆன்டெனா தயார். நடுவில் கேபிள் தொங்கும் டைபோல் போல இதற்கு இரண்டு பக்கமும் சமமான இடம் தேட வேண்டியதில்லை. ஒரு முனை வீட்டுப் பக்கம், மறு முனை எங்கே கம்பம் இருக்கிறதோ அங்கே.

நம்ம ஊர் மனையில் அடங்குமா?

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. 40-க்கு 60 அடி மனை என்றால் மூலைக்கு மூலை சுமார் 72 அடி, அதாவது 22 மீட்டர். வயர் நேராகவே அடங்கிவிடும். அரை கிரவுண்டில் 30-க்கு 40 அடி மனை என்றால் மூலைவிட்டம் 50 அடி, சுமார் 15 மீட்டர்தான். மிச்சம் 5 மீட்டரை 'ட' போல மடக்கி இழுத்துக் கட்டலாம். கொஞ்சம் திறன் குறையும், பேச்சு நிற்காது. தண்ணீர் டேங்க் மேல் ஒரு பி.வி.சி. குழாயை நிறுத்தி ஒரு முனை, கைப்பிடிச் சுவரில் இன்னொரு குழாயை நிமிர்த்தி மறு முனை என்று கட்டுவது சுலபமான வழி. தென்னை மரத்தில் கட்டுவதானால் மரம் ஆடும் என்பதை மறக்கக் கூடாது. கயிற்றை ஒரு கப்பியில் ஓடவிட்டு நுனியில் எடை தொங்கவிட்டால் காற்றில் வயர் அறாது.

வயரை முதலில் அரை மீட்டர் அதிகமாகவே விட வேண்டும். பி.வி.சி. உறை உள்ள வயர் கணக்கைவிடச் சற்றுக் குட்டையாக இருந்தால்தான் சரியாக வரும். நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக மடித்து, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் பார்த்து, சரியான இடம் வந்த பிறகு வெட்டலாம்.

தாழக் கட்டுவது குறையா?

'உயரம் இல்லையே' என்பதுதான் பலர் சொல்லும் முதல் குறை. அமெரிக்காவோடு பேச வேண்டுமென்றால் அந்தக் குறை நியாயமானது. ஆனால், நமக்கு உண்மையில் தேவைப்படுவது எது? வேதாரண்யத்திலிருந்து சென்னைக்கு வானவழியில் சுமார் 300 கிலோமீட்டர். கையடக்க வாக்கி-டாக்கி இந்தத் தூரத்துக்கு எட்டாது. அதன் அலை நேர்கோட்டில் போய் அடிவானத்தோடு நின்றுவிடும்.

இங்கேதான் தாழக் கட்டிய வயர் கைகொடுக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸில், தரையிலிருந்து 7, 8 மீட்டர் உயரத்தில் உள்ள வயர் தன் சக்தியில் பெரும்பகுதியை மேல்நோக்கி அனுப்பும். அது அயனி மண்டலத்தில் பட்டு மழை மாதிரி சுற்றுவட்டாரத்தில் இறங்கும். நடுவில் மலை இருந்தாலும் கட்டடம் இருந்தாலும் கவலை இல்லை. மாநிலத்துக்குள் பேச இதுதான் வழி. பகலில் இது நன்றாக வேலை செய்யும். இரவில் அயனி மண்டலம் வலுவிழக்கும்போது பக்கத்து மாவட்டம் மறைந்து தூரத்து நாடுகள் கேட்கத் தொடங்கும். அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் வேண்டும், அதற்கு வயர் நீளம் இரட்டிப்பாகும். எல்லாவற்றையும் ஒரே வயர் செய்துவிடும் என்று சொன்னால் அது பொய்.

மொத்தச் செலவையும் உயரத்தில் போட வசதி இல்லாத வீட்டில் இருப்பதே, அந்த மாவட்டத்துக்குத் தேவையான ஆன்டெனாவாக இருக்கலாம். இதைப் புரிந்துகொண்டால், 'பெரிய டவர் போட்ட பிறகு பார்த்துக்கலாம்' என்ற காத்திருப்புக்கு அர்த்தமே இல்லை.

கட்டும் முன் கவனிக்க வேண்டியவை

மின்கம்பிக்குப் பக்கத்தில் போகவே கூடாது. வயர் அறுந்து விழுந்தாலும் இ.பி. லைனைத் தொடாத தூரத்தில் இருக்க வேண்டும். வயரின் இரண்டு முனைகளிலும் மின்னழுத்தம் அதிகம். 100 வாட்டில் கணக்குப் போட்டால் டப்பா இருக்கும் முனையில் சுமார் 500 வோல்ட் வரும். துணி காயப்போட வருபவர் கைக்கும், விளையாடும் பிள்ளைகள் கைக்கும் எட்டாத உயரம் கட்டாயம். இடி மின்னல் நேரத்தில் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும்.

இன்னொரு தொல்லை இரைச்சல். மலிவு எல்.இ.டி. பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து ரேடியோவில் 'கொர்ர்' என்று இரையும். ரேடியோவை பேட்டரியில் ஓட்டிக்கொண்டு மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் பார்த்தால், தொல்லை நம் வீட்டிலா பக்கத்து வீட்டிலா என்று தெரிந்துவிடும்.

லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வை 12 வயது நிறைந்த யாரும் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டெட் கிரேடுக்கு மோர்ஸ் தேர்வு கிடையாது. அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் தெரிந்தால் போதும்.

நிஜமான தடை மாடிச் சாவி

படித்து, தேர்வு எழுதி, அழைப்புக்குறி வாங்கிய பிறகும் ஃபிளாட்டில் குடியிருக்கும் ஓர் இளைஞர் திணறுவது ஓர் இடத்தில்தான்: மொட்டை மாடி. 'பில்டிங் அழகு போயிடும்', 'கதிர்வீச்சு வரும்', 'நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க' என்று அசோசியேஷன் மறுத்துவிடும். அதே மாடியில் டி.டி.எச். கிண்ணங்கள் வரிசை கட்டி நிற்கும், பிராட்பேண்ட் கேபிள்கள் கொடி மாதிரி தொங்கும். வாடகை வருகிறதென்றால் செல்போன் டவருக்கே இடம் கொடுத்த கட்டடங்களும் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத ஒரு வயருக்கு மட்டும் இடம் இல்லை.

குடியிருப்போர் கேள்வி கேட்பது தப்பில்லை. லைசென்ஸ் நகல் கேட்கட்டும். கைக்கு எட்டாத உயரம், இ.பி. லைனிலிருந்து தூரம், உறுதியான கட்டு என்று நிபந்தனை போடட்டும். டிவியில் இடையூறு வந்தால் சரிசெய்து தர வேண்டும் என்று எழுதி வாங்கட்டும். ஆனால், கேட்காமலேயே 'முடியாது' என்பது நியாயமில்லை.

'வாட்ஸ்அப் இருக்கு, இனி சாட்டிலைட் இன்டர்நெட் வேற வரப்போகுது, இதெல்லாம் எதுக்கு?' என்பவர்களும் உண்டு. சாட்டிலைட் போனை இந்தியாவில் அனுமதி இல்லாமல் வைத்திருக்க முடியாது. சாட்டிலைட் இன்டர்நெட்டுக்கும் கருவி, சந்தா, நடுவில் ஒரு நிறுவனம் என எல்லாம் தேவை. ஹாம் ரேடியோவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே யாரும் இல்லை. ஒரு கார் பேட்டரி, ஒரு செட், ஒரு வயர், பேசத் தெரிந்த ஓர் ஆள். அவ்வளவுதான்.

2004 டிசம்பரில் டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு அந்தமானில் இருந்தது. பொழுதுபோக்காக உலகத்தோடு பேசப் போனவர்கள் அவர்கள். 26-ம் தேதி சுனாமி தாக்கியதும் அதே ரேடியோ அவசரத் தகவல்தொடர்பாக மாறியது. அதைச் சாத்தியமாக்கியது ஒரு சின்ன விஷயம்: அலை வந்தபோது அவர்களின் ஆன்டெனா ஏற்கெனவே மேலே இருந்தது.

புயல் எச்சரிக்கை வந்த பிறகு வயர் தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் அந்தக் காற்றில் மாடி ஏற முடியாது. கடலோர மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், லைசென்ஸ் வாங்கியும் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபரில் வந்துவிடும். வயரை அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிவிடுவது நல்லது.