அயோவாக்காரருக்கு ஓட்டு இருக்கிறது

2024 நவம்பர் 5 அன்று அமெரிக்காவில் பதினைந்து கோடிக்கும் அதிகமானோர் ஓட்டுப் போட்டார்கள். மிச்சிகன், பென்சில்வேனியா, விஸ்கான்சின் ஆகிய மூன்று மாநிலங்களில் டிரம்புக்கும் கமலா ஹாரிசுக்கும் இருந்த வித்தியாசத்தைக் கூட்டினால் சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் வரும். இந்த மூன்றும் மறுபக்கம் சாய்ந்திருந்தால் ஹாரிஸ் 270 தேர்வாளர் வாக்குகளோடு ஜெயித்திருப்பார். 2021 சட்டமன்றத் தேர்தலின்போது திருப்பூர் வடக்குத் தொகுதியில் மட்டுமே அதைவிட அதிகமான வாக்காளர்கள் இருந்தார்கள்.

அந்தத் தேர்தலில் ஜெயித்தவர் போட்ட வரி ஒரு வருடம்கூட ஆகாமல் எங்கள் திருப்பூருக்கு வந்து சேர்ந்தது. 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருட்களுக்கு 25 சதவீதம். ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. ஆயத்த ஆடைக்கு எப்போதும் உள்ள இறக்குமதி வரி தனி. அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20, பாகிஸ்தானுக்கு 19. ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்கிற ஊர் இது. அதில் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. பையர்கள் ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள், இல்லாவிட்டால் விலையைக் குறைக்கச் சொன்னார்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடிய கம்பெனிகள் ஒரு ஷிப்டுக்கு இறங்கின.

ஊரே டிரம்பைத் திட்டியது. எனக்கு அவருக்கு ஓட்டுப் போட்டவர்மீதுதான் கவனம் போனது. அந்த வாக்காளர் திருப்பூருக்குப் புதியவர் அல்ல. கோட்டா காலத்தில் தொழில் செய்த யாரைக் கேட்டாலும் தெரியும், அமெரிக்காவுக்கு எத்தனை பீஸ் அனுப்பலாம் என்பதை அமெரிக்காதான் தீர்மானித்தது. 1960 தேர்தலில் தெற்கு மாநிலங்களின் மில் தொழிலாளர் ஓட்டு கென்னடிக்குத் தேவைப்பட்டது. பதவிக்கு வந்த 1961இலேயே பருத்தித் துணி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். 1968இல் நிக்சன் அதே மாநிலங்களில் கம்பளிக்கும் செயற்கை இழைக்கும் சேர்த்து வாக்குறுதி கொடுத்தார். இவையெல்லாம் வளர்ந்து 1974இல் பன்னாட்டு இழை ஒப்பந்தம் ஆயிற்று. இத்தாலிய வியாபாரி வெரோனா 1978இல் வந்து திருப்பூருக்கு ஏற்றுமதி வழியைக் காட்டுவதற்கு முன்பே கோட்டா என்ற வேலி போடப்பட்டிருந்தது. 2005 ஜனவரி 1 அன்றுதான் அது முழுதாக நீங்கியது. கரோலினாவின் மில் ஊர்களில் விழுந்த ஓட்டு, கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் திருப்பூரின் காதர்பேட்டை வரை கணக்குப் போட்டிருக்கிறது.

சரி, 2024இல் அந்த வாக்காளர் என்ன நினைத்து ஓட்டுப் போட்டார்? முதல் காரணம் விலைவாசி. 2022 ஜூனில் அங்கே பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. நாற்பது ஆண்டுகளில் இல்லாத உயரம். விலையைக் குறைப்பேன் என்ற டிரம்ப், அதே மேடையில் எல்லா இறக்குமதிக்கும் வரி போடுவேன் என்றும் சொன்னார். ஒன்று விலையை இறக்கும், இன்னொன்று ஏற்றும். கோடிக்கணக்கானவர்கள் இரண்டுக்கும் சேர்த்தே ஓட்டுப் போட்டார்கள்.

இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பொருளாதார அறிஞர் டேவிட் ஆட்டரும் அவருடைய சகாக்கள் மூவரும் 2024இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். டிரம்பின் முதல் ஆட்சியில், 2018-19இல் போட்ட வரிகளால் அந்த நாட்டின் தொழிற்பகுதிகளில் வேலை கூடியதா என்று பார்த்தார்கள். கூடவில்லை. பதிலுக்கு மற்ற நாடுகள் போட்ட வரியால் விவசாயப் பகுதிகளில் வேலை குறைந்தது. ஆனால், வரியால் 'பாதுகாக்கப்பட்ட' ஊர்களில் டிரம்புக்கான ஆதரவு ஏறியிருந்தது. வேலை வரவில்லை, ஓட்டு வந்தது. 'நம்ம ஊர் மூடிக்கிடந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, இவராவது நமக்காகச் சண்டை போடுகிறார்' என்ற எண்ணத்துக்கு விழுந்த ஓட்டு அது. மில் மூடிய ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்த எண்ணம் புரியும். கோயமுத்தூரில் மில்கள் வரிசையாக மூடப்பட்டதைப் பார்த்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு.

கருத்துக் கணிப்பு வேறு, ஓட்டு வேறு. 2025 ஆகஸ்டில் பியூ ஆய்வு மையம் கேட்டபோது அமெரிக்கர்களில் பத்தில் ஆறு பேர் இந்த வரிக் கொள்கை பிடிக்கவில்லை என்றார்கள். அதைப் பார்த்து இங்கே சிலர் நம்பிக்கையோடு இருந்தார்கள். எதுவும் அசையவில்லை. அசைந்தது நவம்பரில். நவம்பர் 4 அன்று நியூ ஜெர்சி, வர்ஜீனியா ஆளுநர் தேர்தல்களிலும் நியூயார்க் மேயர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சியினர் ஜெயித்தார்கள். மூன்று இடத்திலும் பேச்சு விலைவாசியைப் பற்றித்தான். பத்தாவது நாள், நவம்பர் 14 அன்று, மாட்டிறைச்சி, காபி, வாழைப்பழம், தக்காளி உள்ளிட்ட பல உணவுப் பொருட்களின் மீது தானே போட்ட வரியை டிரம்ப் நீக்கினார். பட்டியலில் பனியன் இல்லை.

ஏன் இல்லை? காபித்தூளும் இறைச்சியும் வாராவாரம் வாங்குகிற பொருள். போன வாரம் என்ன விலை, இந்த வாரம் என்ன விலை என்று கடையில் நிற்கிற அம்மாவுக்கு மனப்பாடம். டி-ஷர்ட் அப்படி இல்லை. பழையது கிழியும்வரை வாங்காமல் தள்ளிப்போடலாம். விலை ஏறினால் கடைக்காரர் கொஞ்சம், இறக்குமதியாளர் கொஞ்சம், திருப்பூர்க்காரர் கொஞ்சம் என்று சுமையைப் பகிர்ந்துகொண்டு, வாங்குகிறவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள். வாக்காளருக்கு உறைக்காத வலிக்கு அரசியலில் அவசரம் கிடையாது. அமெரிக்கப் பொதுமக்கள் கருத்து நம்மைக் காப்பாற்றும் என்று காத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கூட்டத்துக்கு உறைத்தது. 2025 மே முதல் சீனா அமெரிக்க சோயாபீன்ஸ் வாங்குவதை நிறுத்திவைத்திருந்தது. அயோவா, இல்லினாய் விவசாயிகள் அறுவடையை வைத்துக்கொண்டு தவித்தார்கள். டிசம்பர் 8 அன்று அவர்களுக்காக 1,200 கோடி டாலர் உதவியை டிரம்ப் அறிவித்தார். 2018-19 வரிச் சண்டையிலும் இதேதான் நடந்தது; இரண்டு ஆண்டுகளில் 2,000 கோடி டாலருக்கு மேல் விவசாயிகளின் கணக்கில் விழுந்தது. அது இழப்பை முழுதும் ஈடுகட்டியதா என்பது வேறு விஷயம். அடி விழுந்த இடத்துக்கு அரசு ஓடிவந்தது. அந்த இடத்தில் ஓட்டு இருந்தது என்பதைத் தவிர வேறு பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இங்கே என்ன நடந்தது? 2025 ஆகஸ்டில் பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை மத்திய அரசு நிறுத்திவைத்து, பிறகு டிசம்பர் 31 வரை நீட்டியது. நவம்பர் 12 அன்று ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி ரூபாய் வரை கடன் உத்தரவாதத் திட்டம். அமெரிக்காவில் காபிக்கு வரி நீங்கிய அதே நவம்பர் 14 அன்று, கடன் தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. இவை எல்லாம் தேவையானவை. கம்பெனி நிலைத்தால்தான் வேலை நிலைக்கும் என்பதை மறுக்கவில்லை. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் டெல்லிக்கும் சென்னைக்கும் நடந்து பெற்றவை இவை. அந்த உழைப்பையும் மதிக்கிறேன். ஆனால் இவற்றில் ஒன்றுகூட ஷிப்ட் குறைந்த டெய்லரின் கைக்கு நேராகப் போகிற பணம் இல்லை. அவருக்குச் சனிக்கிழமை சம்பளம். அரை ஷிப்ட் போனால் அந்தச் சனிக்கிழமையே தெரியும். வாடகையையும் வட்டியையும் தள்ளிப்போட அவருக்கு எந்த வங்கியும் அனுமதி கொடுக்கவில்லை.

ஏன் என்று கேட்டால் பதில் அனுப்பர்பாளையத்திலும் பதினைந்து வேலம்பாளையத்திலும் வரிசை வீடுகளில் இருக்கிறது. ஒரு செக்கிங் பகுதியில் வேலை செய்யும் ஒடிசாப் பையனிடம் ஓட்டு எங்கே என்று கேட்டேன். "ஊர்லதான் இருக்குங்ணா. போய்ட்டு வந்தா ரெண்டு வாரச் சம்பளம் போயிரும்" என்றான். இங்கே வந்த பிறகு ஓட்டே போட்டதில்லை. அவன் தமிழைப் பேசுகிற விதத்தில் கொங்கு வாடை அடிக்கிறது. ஓட்டர் லிஸ்டில் மட்டும் அவன் இந்த ஊர்க்காரன் இல்லை. தேனி, திண்டுக்கல், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்து ஒரு தலைமுறையாகக் குடியிருப்பவர்களிலும் பலருக்கு ஓட்டு சொந்த ஊரில்தான். தேர்தல் வந்தால் பழைய பஸ் ஸ்டாண்டிலும் புதிய பஸ் ஸ்டாண்டிலும் கூட்டம் வழிவது அதனால்தான். ஆக, ஊரை ஓட்டுகிற கைகளில் பெரும்பகுதிக்கு ஊரின் எம்.எல்.ஏ.வையும் எம்.பி.யையும் கேள்வி கேட்கிற பலம் இல்லை.

பலம் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குப் பக்கத்து மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. தங்கள் கோரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை என்று 1996இல் மொடக்குறிச்சி விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வேட்புமனு போட்டார்கள். 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டு புத்தகமாயிற்று, தேர்தலே தள்ளிப்போயிற்று. டெல்லி உடனே விழித்துக்கொண்டு டெபாசிட் தொகையை ஏற்றியது. விவசாயியின் கோரிக்கைக்கு அந்த வேகம் வரவில்லை என்பது வருத்தம்தான். இருந்தாலும் நாடு முழுவதும் அந்தப் பெயரைக் கேட்டது.

புலம்பெயர்ந்தவர் இருக்கிற இடத்திலிருந்தே ஓட்டுப் போடத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் ஓர் இயந்திரத்தை முன்வைத்தது. 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூப்பிட்டுக் காட்ட முயன்றபோது தி.மு.க., காங்கிரஸ் உட்படப் பல கட்சிகள் எதிர்த்தன. எதிர்ப்பில் நியாயமான கேள்விகளும் இருந்தன. அதோடு பேச்சு அடங்கிவிட்டது. எனக்கு அந்த இயந்திரத்தின்மீது பெரிய ஆசை இல்லை. ஒடிசாத் தொகுதிக்கு இங்கிருந்து ஓட்டுப் போட்டால் திருப்பூர் எம்.எல்.ஏ. அவனைத் தேடி வரப்போவதில்லை. அவன் ஓட்டு அவன் வேலை செய்கிற ஊரில் இருக்க வேண்டும். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே, வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் பெயர் சேர்க்கத்தான் சொல்கிறது.

வடக்கே இருந்து வந்தவர்களுக்கு இங்கே ஓட்டு கொடுத்தால் தமிழ்நாட்டு அரசியலே மாறிவிடும் என்ற அச்சம் 2025இல் பலமாகக் கேட்டது. அந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் எந்தச் சின்னத்துக்குப் போடுவான் என்று பார்த்து உரிமை கொடுப்பதை ஏற்க என்னால் முடியாது. அமெரிக்காவையே பாருங்கள். 1910 முதல் 1970 வரை தெற்கிலிருந்து சுமார் அறுபது லட்சம் கறுப்பின மக்கள் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் மற்ற நகரங்களுக்கும் பிழைக்கப் போனார்கள். சொந்த ஊரில் ஓட்டுப் போட விடாமல் விரட்டப்பட்டவர்களுக்கு, போன ஊரில் ஓட்டு கிடைத்தது. 1928இல் சிகாகோ ஆஸ்கார் டி பிரீஸ்டை அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. வடக்கிலிருந்து அங்கே போன முதல் கறுப்பினத்தவர் அவர். அந்த நகர ஓட்டுகளைப் புறக்கணிக்க முடியாமல்தான் இரண்டு கட்சிகளும் குடிமை உரிமைச் சட்டங்களின் பக்கம் மெல்ல நகர்ந்தன.

வரிக் கதை இன்னும் முடியவில்லை. 2026 பிப்ரவரி தொடக்கத்தில் இந்தியாவுக்கு 18 சதவீதம் என்றார் டிரம்ப். பிப்ரவரி 20 அன்று, அவர் கையாண்ட அவசரநிலைச் சட்டத்தில் வரி போடும் அதிகாரமே இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே வேறொரு சட்டப்பிரிவைக் கையில் எடுத்தார். 2026 நவம்பர் 3 அன்று அங்கே நாடாளுமன்றத் தேர்தல். அதில் நமக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

இங்கே செய்ய இருக்கிறது. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அடுத்த முறை ஆர்டர் நின்றால் ஷிப்ட் இழந்தவருக்கு எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு கொடுப்பீர்கள்? எத்தனை நாளில் கொடுப்பீர்கள்? கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் வேலை செய்து இங்கேயே குடியிருப்பவர்களில் ஓட்டை இங்கே மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்களுக்குப் படிவம் 8ஐ வாங்கிக் கொடுங்கள், முகவரிக்கு உங்கள் கடிதத்தையும் கூடவே கொடுங்கள், வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வருகிற நாளில் அரை ஷிப்ட் விட்டுக் கொடுங்கள்.