பாக்குவெட்டி வாங்கும்போது

சென்ற மாதம் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குக் கல்யாணச் சாமான் வாங்கப் போன ஒரு தாயார், பளபளவென்று மின்னும் பித்தளைப் பாக்குவெட்டி ஒன்றை வாங்கி வந்து என்னிடம் காட்டினார். ஒரு கொட்டைப்பாக்கை வைத்து அழுத்திப் பார்த்தோம். பாக்கு வெட்டுப்படவில்லை. துள்ளிப் போய் அலமாரிக்கு அடியில் ஒளிந்துகொண்டது!

சகோதரிகளே, பாக்குவெட்டியைக் கடையிலேயே சோதித்து வாங்க வேண்டும். பிடி பித்தளையாக இருந்தால் குற்றமில்லை, வெட்டும் அலகு மட்டும் நல்ல இரும்பாக இருக்கட்டும். வெட்டியை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். அலகு கீழ்த்தாங்கியோடு சேருமிடத்தில் கீற்று வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். பிறகு ஆணி. இரண்டு கைகளையும் இணைக்கும் அந்தச் சிறு ஆணியில்தான் உயிரே இருக்கிறது. பிடிகளைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லொடலொடவென்றால் அலகு விலகும், பாக்கு நசுங்கும், விரலுக்கும் ஆபத்து. மலாய்க்காரர் வீடுகளில் 'காச்சிப்' என்பார்களே, பறவைத் தலையும் குதிரைத் தலையும் வைத்து அழகாகச் செய்திருப்பார்கள், அதற்கும் இதே சோதனைதான்.

என் அப்பாயி தோட்டத்தில் பால் வெட்டியவர். கத்தி தீட்டும் கல்லிலேயே பாக்குவெட்டியையும் தீட்டுவார், சாய்வான பக்கத்தை மட்டும். காய்ந்து இறுகிய பாக்கை முதல்நாள் இரவே தண்ணீரில் போட்டுவிடுவார். வெட்டும்போது பாக்கை ஆணிக்கு அருகே வைப்பார். நுனியில் வைத்தால் பலம் கிடைக்காது, பாக்கும் தெறிக்கும். முதலில் இரண்டாகப் பிளந்து, வெட்டுமுகம் கீழே படும்படி வைத்துச் சீவினால் பூவிதழ் போல வந்து விழும். நசுங்கிய பாக்கோ சில்லுச் சில்லாக உடைந்து ஈறில் குத்தும்.

தாத்தா ஒருநாள் அதில் சுருட்டு முனையை நறுக்கப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். "உங்க சுருட்டுக்குத்தான் ரெண்டு பக்கமும் வாய் இருக்கே, அப்புறம் எதுக்குங்க வெட்டி? புகையிலை வாடை பாக்குல ஏறப்போவுது!" உண்மைதான். ஒரு முனை மூடியிருப்பதும், அதை நறுக்கத் தனி வெட்டி கேட்பதும் துரைமார் பிடித்த சுருட்டு.

புகையிலை வாடை ஆகாது என்ற அதே அப்பாயி, வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு படலம் வந்தது. காரம் பட்டால் எரியும். பாக்குச் சில்லு குத்தியிருக்கும் என்று சொல்லியே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்திருந்தது.

புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தானே என்பவர்கள் கேளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 2004-இல் வெளியிட்ட நூலில், பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சேர்த்துவிட்டது. 1993-94-இல் நம் நாடு முழுவதும் நடந்த வாய்ப் பரிசோதனையிலும், புற்றுநோய்க்கு முந்திய கோளாறுகள் இந்தியரிடையேதான் அதிகம் காணப்பட்டன. எவ்வளவு சுத்தமாக வெட்டினாலும் பாக்கு பாக்குத்தான். வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர்கள் இருந்தால் மாதம் ஒருமுறை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ, வெள்ளை, சிவப்புப் படலமோ தெரிந்தால் அரசாங்கப் பல் மருத்துவமனைக்கு உடனே அழைத்துப் போங்கள்.

கல்யாணத் தட்டுக்கு முழுப்பாக்கே போதும் என்று அந்தத் தாயாரிடம் சொன்னேன். பித்தளை வெட்டி தட்டில் அழகுக்கு இருக்கட்டும். ஆனால் வேண்டாம் என்றாலும் கேட்காத பெரியவர்கள் நாலு பேராவது வருவார்களாம். அவர்களுக்காக அப்பாயியின் இரும்பு வெட்டியை இரவல் கொடுத்தேன். துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, துணியில் சுற்றித்தான் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.